இன்டர்வல் ஓடியும் முன்னேற்றம் இல்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடியுங்கள்

டர்பனில், அதிலும் எங்கள் சாட்ஸ்வர்த் பக்கம், ஓடுகிறவர்களில் இன்டர்வல் (கொஞ்ச நேரம் கடினமாக ஓடி, கொஞ்சம் ஓய்வு விட்டு, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி) செய்யாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மைதானத்தில் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான் என்பதால் புகார்களும் என்னிடமே வந்து சேரும். அண்ணே, மூணாவது ரவுண்டிலேயே செத்துட்டேன். அண்ணே, வாட்ச் ஏதோ தப்பா காட்டுது. அண்ணே, ரெண்டு மாசமா ஒரு செகண்ட்கூட குறையல. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு முடிவு வந்துவிட்டது: கோளாறு வேகமாக ஓடும் அந்தச் சில நிமிடத்தில் இருப்பது குறைவு. முந்தின நாள் என்ன ஓடினீர்கள், நடுவில் எவ்வளவு ஓய்வு விட்டீர்கள், முதல் சுற்றை எப்படி ஆரம்பித்தீர்கள், ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அதனால் கீழே உங்கள் அறிகுறி எதுவாக இருந்தாலும் வேகத்தில் கை வைப்பதற்கு முன் சுற்றுப்புறத்தைச் சோதியுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொதுப் பாடம் வேண்டும் அல்லவா, அதற்கு நார்வேக்காரர்களின் 4×4ஐ வைத்துக்கொள்வோம். பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கி, பிறகு நாலு நிமிடம் கடினமாக (இதயத்துடிப்பு உச்சத்தில் 90 முதல் 95 சதவீதம்), மூணு நிமிடம் மெல்லோட்டம், இப்படி நாலு தடவை. 2007இல் ஹெல்கெரூட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், வாரம் மூன்று முறை எட்டு வாரம் இதைச் செய்தவர்களுக்கு விஓ2 மேக்ஸ் 7.2 சதவீதம் கூடியது. விஓ2 மேக்ஸ் என்றால், உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துச் செலவழிக்க முடியும் என்ற அளவு. அதே அளவு மொத்த வேலையை மெதுவாக, நீளமாக ஓடிச் செய்தவர்களுக்கு அந்த அளவு குறிப்பிடும்படி கூடவில்லை. காரணம் இதயம்தான். கடினமாக ஓடும்போது அது ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடப் பழகுகிறது. தசைக்குள்ளே ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதும், கடின ஓட்டத்தில் சேரும் லாக்டேட்டைச் சமாளிக்கும் திறன் ஏறுவதும் கூடவே நடக்கும். ஆனால் ஒன்று, அந்த ஆய்வில் ஓடியவர்கள் இளம் மாணவர்கள். நாற்பது தாண்டி, வேலை, பிள்ளை, கல்யாணம், கோயில் என்று ஓடிக்கொண்டிருக்கிறவர்கள் வாரம் மூன்று நாளுக்கு ஆசைப்பட வேண்டாம், ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

இவை இருந்தால் மற்றதைப் படிக்க வேண்டாம், நிறுத்துங்கள்

நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, அது தாடைக்கோ இடது கைக்கோ பரவுவது, ஓடும்போது கண் இருட்டிக்கொண்டு வருவது, துடிப்பு தாறுமாறாகத் தப்பித் தப்பி அடிப்பது. இதற்கெல்லாம் பயிற்சித் திட்டத்தில் மருந்து கிடையாது, டாக்டரிடம் போக வேண்டியதுதான், அதுவும் அன்றைக்கே. நம் இந்திய வம்சாவளிக்காரர்களுக்குச் சர்க்கரையும் மாரடைப்பும் மற்றவர்களைவிடச் சின்ன வயதிலேயே வருகிறது என்பது இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. அப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ ஐம்பதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், இன்டர்வல் ஆரம்பிக்கும் முன்பே ஒரு ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கடின ஓட்டத்தில் சர்க்கரை முதலில் ஏறிவிட்டுப் பல மணி நேரம் கழித்து, சில சமயம் தூக்கத்தில், சடாரென்று இறங்கலாம்.

காய்ச்சல் இருக்கும்போது இன்டர்வல் கூடவே கூடாது, வைரஸ் இதயத் தசையைத் தொட்டிருந்தால் ஆபத்து. ரொம்ப நாள் சும்மா இருந்துவிட்டு முதல் நாளே வெறித்தனமாக ஓடியவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தம். தண்ணீர் குடித்துவிட்டு நாளை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள், நேரே ஆஸ்பத்திரி.

முதல் இரண்டு சுற்று பறக்கிறேன், அப்புறம் படுத்துவிடுகிறேன்

என்னிடம் வருகிற புகார்களில் பாதிக்கு மேல் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 400 மீட்டர் எட்டு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி முதல் சுற்றை 88 வினாடியில் முடிப்பான், முகத்தில் சிரிப்பு, கையை இடுப்பில்கூட வைக்க மாட்டான். இரண்டாவது 91. மூன்றாவதில் தோள் காதுவரை ஏறியிருக்கும், 98. ஐந்தாவது 109, பாதத்தைத் தூக்காமல் இழுத்துக்கொண்டு வருவான், ஏழாவதுக்கு ஷூ லேசை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பான். இவன் செய்தது இன்டர்வலே கிடையாது, ஒரு நல்ல ஸ்பிரின்டும் அதன்பின் ஒரு மோசமான ஜாக்கும்தான். முதல் இரண்டிலேயே தசையில் அமிலம் ஏறிவிட்டது, மிச்ச ஆறில் இதயம் உச்சத்துக்குப் போக முடியாத அளவுக்குக் கால் முந்திக்கொண்டு தோற்றுவிட்டது. இதயத்துக்குக் கிடைக்க வேண்டிய வேலை கிடைக்கவே இல்லை.

சோதனை சுலபம். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் எழுதுங்கள், மொபைலில் வேண்டாம், ஒரு துண்டுக் காகிதத்தில். முதலுக்கும் கடைசிக்கும் நாலு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆரம்ப வேகம் தப்பு. சரியான வேகத்தை எங்கிருந்து எடுப்பது? சனிக்கிழமை காலை பார்க்ரன் (எல்லோரும் சேர்ந்து ஓடும் 5 கிலோமீட்டர்) நேரத்திலிருந்து. நார்த் பீச்சில் 5 கிலோமீட்டரை 25 நிமிடத்தில் முடிக்கிறீர்கள் என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம், அதாவது 400 மீட்டருக்கு 120 வினாடி. உங்கள் 400 மீட்டர் சுற்றுகள் 112 முதல் 116க்குள் இருந்தால் போதும், 1000 மீட்டர் என்றால் 4:50 முதல் 5:00. இதைச் சொன்னால் எல்லோருக்கும் முகம் சுருங்கும், இவ்வளவு மெதுவாகவா என்று. மெதுவாகத்தான். முதல் இரண்டு சுற்றில் "இது போதாதே" என்று தோன்ற வேண்டும், ஆறாவதில் "இதை ஏன் ஒப்புக்கொண்டோம்" என்று தோன்ற வேண்டும். கடைசிச் சுற்றை மட்டும் அவிழ்த்து விடலாம், அது உங்கள் வேகமான சுற்றாக இருந்தால் பாடம் சரியாக அமைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் சரியாக இருந்தும் சரிகிறதா? அப்படியென்றால் ஓய்வைப் பாருங்கள். நடுவில் 60 வினாடி என்று எழுதியிருக்கும், ஆனால் நீங்கள் கோட்டைத் தாண்டியதும் வாட்சைத் தேடி, மூச்சு வாங்கி, பேசி முடிப்பதற்குள் சில நாள் 50, சில நாள் 90 ஆகியிருக்கும். ஓய்வு நேரம் மாறினால் பாடமே மாறிவிடும், போன வாரத்தோடு ஒப்பிடவும் முடியாது. இன்னொன்று, மெல்லோட்டம் என்றால் மெல்லோட்டமே, நிற்கவோ படுக்கவோ கூடாது. மெதுவாக அசைந்துகொண்டே இருந்தால் லாக்டேட் சீக்கிரம் கரைகிறது, துடிப்பும் அடிமட்டத்துக்கு விழாமல் அடுத்த சுற்றுக்குத் தயாராக இருக்கிறது.

வாட்ச் காட்டும் துடிப்பு நம்பும்படி இல்லை

மணிக்கட்டு வாட்ச் பச்சை ஒளியை அடித்துத் தோலுக்கடியில் ரத்த ஓட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. கை வேகமாக வீசும்போது அது சில நேரம் துடிப்பை விட்டுவிட்டு உங்கள் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். வார்ம்-அப்பிலேயே 170, 175 என்று காட்டி அங்கேயே ஆணி அடித்தது போல நின்றால் அதுதான் விஷயம், ஏனென்றால் நம்மில் பலருடைய காலடி எண்ணிக்கையும் நிமிடத்துக்கு அந்தப் பக்கம்தான். வாட்சை எலும்புக்கு ஒரு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டுங்கள். இன்டர்வலுக்கு அதுவும் போதவில்லை என்றால் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை வாங்குங்கள், அல்லது வாட்சை மறந்துவிட்டு மூச்சைப் பாருங்கள்: கடினப் பகுதியில் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச வரக்கூடாது.

உச்சத் துடிப்பை 220இலிருந்து வயதைக் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறீர்களா? அது கூட்டத்துக்குச் சராசரி, உங்களுக்குப் பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. பத்துப் பன்னிரண்டு துடிப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளி இருப்பது சர்வ சாதாரணம். 2001இல் டனாகா குழுவினர் கொடுத்த கணக்கு (208 கழித்தல், வயதின் 0.7 மடங்கு) வயதானவர்களுக்குக் கொஞ்சம் நன்றாகப் பொருந்தும், ஆனாலும் அதுவும் சராசரியே. நல்ல வார்ம்-அப்புக்குப் பிறகு ஒரு மேட்டில் மூன்று நான்கு தடவை முழு மூச்சாக ஏறி, கடைசியில் பட்டை காட்டும் எண்ணை எடுத்துக்கொள்வது நிச்சயமான வழி, சாட்ஸ்வர்த்தில் மேட்டுக்கு என்ன குறை.

30 வினாடி, 40 வினாடி போன்ற குட்டிச் சுற்றுகளில் துடிப்பைப் பார்ப்பதே வீண். இதயம் ஏறி வருவதற்குள் சுற்று முடிந்துவிடும்.

அதே வேகம், ஆனால் துடிப்பு எங்கேயோ போகிறது

மாதம் என்ன என்று முதலில் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் டர்பன் கோடைக் காற்றில் தண்ணீர் தொங்கிக்கொண்டிருக்கும், வியர்வை வழிகிறதே தவிர காய்வதில்லை. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ள வேண்டி ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போய்விடுகிறது, வியர்த்து ரத்தத்தின் அளவும் குறைகிறது, மிச்ச ரத்தத்தை வைத்துத் தசைக்கு ஊட்ட இதயம் அதிகத் தடவை அடித்தாக வேண்டும். உங்கள் தகுதி குறைந்துவிடவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு மாற்றுங்கள், நாலு நிமிடச் சுற்றை மூன்று நிமிடமாக்குங்கள், வேகத்தை விட்டு மூச்சை அளவாக வையுங்கள். வெயிலுக்கு உடம்பு பழக பத்து முதல் பதினாலு நாள் எடுக்கும், அதுவரை நேரங்களை எழுதி மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதே சமயத்தில் தைப்பூசக் காவடிக்கு விரதம் வேறு வரும். பத்து நாள் விரதம், பலருக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான், அதோடு வாரம் இரண்டு இன்டர்வல் என்று வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். மாவுச்சத்து இல்லாமல் இந்த வேகத்தில் ஓட எரிபொருளே கிடையாது. விரத நாட்களில் மெதுவாக ஓடுங்கள், நடங்கள், காவடி எடுத்து முடித்த வாரம் திரும்பி வாருங்கள், பத்து நாளில் ஒன்றும் போய்விடாது.

வேலை விஷயமாக ஜோகன்னஸ்பர்க் போன இடத்தில் ஓடினீர்களா? அது சுமார் 1750 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் குறைவு, கடல்மட்டத்தில் ஓடிய 1000 மீட்டர் நேரத்தை அங்கே தேடினால் மூன்றாவது சுற்றில் முழங்காலில் கை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். அங்கே சுற்றின் வேகத்தைக் குறைத்து ஓய்வைக் கூட்டுங்கள். 100, 200 மீட்டர் ஓடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, மெல்லிய காற்று அவர்களுக்கு உதவியே செய்யும்.

ஆரம்பத்தில் குறைந்தது, இப்போது அப்படியே நிற்கிறது

முதல் ஆறெட்டு வாரம் எல்லோருக்கும் குறையும். பிறகு நிற்கும். அப்போது ஆள்கள் செய்யும் முதல் காரியம் இன்னொரு இன்டர்வல் நாளைச் சேர்ப்பது, அதுதான் பெரும்பாலும் தப்பான மருந்து.

முதலில் உங்கள் "மெதுவான" நாட்களைச் சோதியுங்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாக வம்பு பேச முடிகிறதா? முடியவில்லை என்றால் நீங்கள் மெதுவாக ஓடவில்லை. எங்கள் பக்கத்து மேடுகள் இதில் பெரிய வில்லன், வீட்டை விட்டு இறங்கினாலே ஏற்றம், ஏற்றத்தில் யாரும் தன்னைக் கடந்து போகக்கூடாது என்று ஒரு ரோஷம், திரும்பி வரும்போது அது பாதி இன்டர்வல் ஆகியிருக்கும். ஏற்றத்தில் நடந்தால் மானம் போகாது. தாங்குதிறன் வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ஸ்டீபன் சைலர் ஆராய்ந்தபோது, உச்சத்தில் இருப்பவர்களின் பயிற்சியில் ஏறக்குறைய எண்பது சதவீதம் சுலபமானதாகவே இருந்தது. நம்மாட்களோ வாரம் முழுக்க நடுத்தர வேகத்தில் ஓடுவார்கள், சுலப நாளில் களைத்துப்போவார்கள், கடின நாளில் உண்மையாகக் கடினமாக ஓடத் தெம்பு இருக்காது.

இரண்டாவது, மொத்தமாக ஓய்வு. ரோஜர் பானிஸ்டர் 1954இல் முதல் முறையாக ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடினாரே, அதற்கு முந்தைய மாதங்களில் அவருடைய முக்கியப் பாடம் 400 மீட்டர் அளவில் பத்துச் சுற்று, நடுவில் இரண்டு நிமிடம். 66 வினாடியில் ஆரம்பித்து 61க்கு வந்தார், அங்கேயே மாட்டிக்கொண்டார், எவ்வளவு முட்டியும் 61க்குக் கீழே இறங்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா, ஓட்டத்தை விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்குப் போய் சில நாள் மலையேறினார். திரும்பி வந்து ஓடியபோது 59. மே 6ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் 3:59.4. மாட்டிக்கொண்டவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், அடுத்த வாரமும் வந்து அதே சுவரில் முட்டுவார்கள்.

மூன்றாவதாகத்தான் பாடத்தை மாற்றுவது. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: சுற்றின் நீளம், அல்லது எண்ணிக்கை, அல்லது ஓய்வு. மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. மூன்று வாரம் ஏற்றி நாலாவது வாரம் பாதியாக இறக்குவது பழைய முறை, இன்றும் நன்றாக வேலை செய்கிறது.

டபாட்டா செய்கிறேன், வியர்க்கிறது, வேறொன்றும் நடக்கவில்லை

வீடியோவைப் பார்த்து அரை மணி நேரம் டபாட்டா செய்ததாகச் சொல்கிறவர்கள் டபாட்டா செய்யவில்லை. 1996இல் இசுமி டபாட்டா வெளியிட்ட ஆய்வில் சைக்கிளில் 20 வினாடி, 10 வினாடி ஓய்வு, இப்படி ஏழெட்டு தடவைதான். ஆனால் அந்த 20 வினாடியின் கடினம் விஓ2 மேக்ஸைத் தொடும் வேலைக்கும் மேல், அதில் 170 சதவீதம். நாலு நிமிடத்தில் ஆள் காலி. ஆறு வாரத்தில் விஓ2 மேக்ஸ் கிலோவுக்கு 7 மில்லிலிட்டர் கூடியது, ஆக்சிஜன் இல்லாமல் வேலை செய்யும் திறன் 28 சதவீதம் கூடியது. கையைக் காலை ஆட்டிக்கொண்டு அரை மணி நேரம் செய்ய முடிகிறதென்றால் அது நல்ல உடற்பயிற்சி, வேறு பெயர் வையுங்கள்.

மூச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் பந்துக்கு ஓடும்போது முந்த முடியவில்லை

ஃபுட்பால் ஆடும் பையன்களின் புகார் இது. 2001இல் நார்வே ஜூனியர் வீரர்களிடம் இதே 4×4ஐ வாரம் இரண்டு முறை எட்டு வாரம் செய்து பார்த்தார்கள். விஓ2 மேக்ஸ் 58.1இலிருந்து 64.3க்கு ஏறியது, ஆட்டத்தில் ஓடிய தூரம் 20 சதவீதம் கூடியது, ஸ்பிரின்ட் எண்ணிக்கை இரட்டித்தது. ஆனால் தனி ஸ்பிரின்டின் வேகமோ குதிக்கும் உயரமோ மாறவில்லை. ஆக இது உங்களை எண்பதாவது நிமிடத்திலும் ஓட வைக்கும், முதல் பத்து மீட்டரில் வேகமாக்காது. அதற்கு வேறு பாடம்: 20, 30 மீட்டர் முழு வேகத்தில், நடுவில் இரண்டு மூன்று நிமிடம் சும்மா நிற்க வேண்டும். ஸ்பிரின்டுக்கு உடனடி எரிபொருளான, தசையிலுள்ள கிரியேட்டின் பாஸ்பேட்டில் பாதி அரை நிமிடத்தில் திரும்பிவிடும், முழுவதும் திரும்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். கோச்சுகள் பையன்கள் சும்மா நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் 20 வினாடியில் விசில் ஊதிவிடுகிறார்கள், ஸ்பிரின்ட் பயிற்சி அப்படியே மூச்சுப் பயிற்சியாக மாறிவிடுகிறது.

கால் எப்போதும் கனக்கிறது, தூக்கமும் கெட்டுப்போனது

காலையில் எழுந்ததும், டீ குடிப்பதற்கு முன், படுத்தபடியே நாடியை எண்ணுங்கள். ஒரு வாரம் எண்ணினால் உங்கள் வழக்கம் தெரியும். அதைவிட ஏழெட்டு துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் அன்று இன்டர்வல் இல்லை. இரண்டு கடின நாட்களுக்கு நடுவில் 48 மணி நேரமாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேரே மைதானத்துக்கு வருகிறவர்களிடம் நான் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை, போய்த் தூங்குங்கள் என்றுதான் சொல்வேன். தூங்காத உடம்பில் இன்டர்வல் போட்டால் தேய்மானம் மட்டுமே மிச்சம்.

ஓய்வெடுத்தும் கனம் போகவில்லை, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். இது அக்காமார்களுக்கு அதிகம் வரும், மாதவிடாயில் போவது ஒரு பக்கம், புரட்டாசி முழுக்கச் சைவம், அதிலும் சோறு, பருப்பு, ரசம், கூடவே சாப்பாட்டோடு பால் டீ. டீ இரும்பை உள்ளே விடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், பருப்புக்கும் கீரைக்கும் எலுமிச்சை பிழியுங்கள், இல்லாவிட்டால் ஒரு கொய்யாப்பழம். இரும்பு மாத்திரையை மட்டும் பரிசோதிக்காமல் விழுங்காதீர்கள், அதிகமானாலும் கெடுதல்.

முன்னங்கால் எலும்பு வலி, கெண்டைக்கால் இறுக்கம்

விரலால் எலும்பை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். நீளமாக ஒரு கை அகலத்துக்கு வலித்தால் எலும்பை ஒட்டிய சவ்வின் எரிச்சல், ஓட்டத்தைக் குறைத்து, கடினத் தரையை விட்டுப் புல்லுக்கு மாறினால் சில வாரத்தில் அடங்கும். ஒரே புள்ளியில், காசளவு இடத்தில் சுள்ளென்று வலித்தால், இரவிலும் வலித்தால், எலும்பில் கீறல் இருக்கலாம், ஓடாமல் டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம், எக்ஸ்ரே சரி என்று உடனே ஓட ஆரம்பிக்காதீர்கள்.

கெண்டைக்கால், குதிநரம்புத் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் ஷூ மாற்றம் அல்லது திடீரென்று ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஷூ). மைதானத்தில் ஒரே திசையில் சுற்றுவதும் ஒரு காரணம், வார்ம்-அப்பை எதிர்த்திசையில் ஓடுங்கள். கால் குணமாகும் வரை மூச்சை இழக்காமல் இருக்க அதே 4×4ஐ சைக்கிளில் செய்யலாம், இதயத்துக்கு வித்தியாசம் தெரியாது.

குமட்டல், வாந்தி

மத்தியானம் பிரியாணி சாப்பிட்டீர்களா? மூன்று மணி நேரம் விடுங்கள். கடின ஓட்டத்தில் வயிற்றுக்குப் போகும் ரத்தம் பெருமளவு குறைந்துவிடும், உள்ளே கிடப்பது செரிக்காது. சாப்பிடாமலும் குமட்டினால் முதல் சுற்று வேகம் அதிகம், மேலே இரண்டாவது தலைப்பைப் பாருங்கள்.

மைதானத்தில் நேரம் குறைகிறது, காம்ரேட்ஸில் குறையவில்லை

இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். காம்ரேட்ஸ் என்பது டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஓடும் பந்தயம், அங்கிருந்து கடற்கரைக்கு இறங்கினால் டவுன் ரன், இங்கிருந்து ஏறினால் அப் ரன்; 85 முதல் 90 கிலோமீட்டர் வரை, 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் நம்மில் யாரும் விஓ2 மேக்ஸ் பக்கமே போகப்போவதில்லை. விஓ2 மேக்ஸ் உயர்ந்தால் மெதுவான வேகம் இன்னும் சுலபமாகத் தெரியும், அவ்வளவுதான் அதன் பங்கு. 60 கிலோமீட்டர் தாண்டி உங்களை நிறுத்துவது தொடை, வயிறு, இவை இரண்டும்தான். டவுன் ரன் வருடத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து இறங்கும்போது, முக்கியமாக ஃபீல்ட்ஸ் ஹில்லில் பைன்டவுன் நோக்கிச் சரிகிற இடத்தில், தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்க வேண்டும். அந்த வேலையைத் தட்டையான டிராக் கற்றுத் தராது. இறக்கத்தில் ஓடித்தான் பழக வேண்டும், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக, முதல் தடவை இரண்டு நாள் படி இறங்க முடியாது, இரண்டாவது தடவை அவ்வளவு வலிக்காது.

ஆகவே இப்படிப் பிரியுங்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் வாரம் ஒரு 4×4 அல்லது 1000 மீட்டர் சுற்றுகள். ஏப்ரலிலிருந்து அதை மேட்டுக்கு மாற்றுங்கள், ஏறுவது கடினமாக இரண்டு மூன்று நிமிடம், இறங்குவது நிதானமாக, ஆனால் நடக்காமல். மேட்டில் தூரத்தையும் வேகத்தையும் பார்க்காதீர்கள், நேரத்தையும் மூச்சையும் மட்டும் பாருங்கள். அப் ரன் வருடத்தில் கவுய்ஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று ஐந்து பெரிய மேடு வரிசையாக நிற்கிறது, அங்கே பாதிப் பேர் நடப்பார்கள், நடக்கிற வேகத்துக்கும் பயிற்சி வேண்டும். நீண்ட ஓட்டத்தைத் தவறவிட்டுவிட்டு அதற்குப் பதில் செவ்வாய்க்கிழமை இரண்டு மடங்கு இன்டர்வல் போடுகிறேன் என்று யாராவது கேட்டால் என் பதில் இல்லை என்பதுதான், இரண்டும் வேறு வேறு உறுப்பைப் பழக்குகிறது.

லோட் ஷெடிங்கில் டிரெட்மில் நின்றுவிட்டது

சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது, கடினச் சுற்றின் நடுவில் பெல்ட் நின்றால் முன்பக்கக் கம்பியில் போய் இடிப்பீர்கள். கரண்ட் வெட்டு அட்டவணை இருக்கும் காலத்தில் அந்த நேரத்தைத் தவிருங்கள், பாதுகாப்புக் கிளிப்பைச் சட்டையில் மாட்டுங்கள். ஒரு சுற்று பாதியில் போனால் அதைத் திரும்ப ஓட வேண்டாம், அடுத்ததிலிருந்து தொடருங்கள்.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கிறது, கால் மந்தமாகிவிட்டது

பயந்துபோய் ஒரு கடைசிப் பெரிய இன்டர்வல் போடத் தோன்றும். அதன் பலன் வர இரண்டு வாரமாவது வேண்டும், களைப்பு மட்டும் உடனே வரும். இல்லை, முழுக்க நிறுத்திவிடலாம் என்றால் அதுவும் தப்பு, மந்தம் இன்னும் கூடும். மொத்த ஓட்டத்தை ஏறக்குறைய பாதியாகக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள், சுற்றின் எண்ணிக்கையை மட்டும் வெட்டுங்கள். எட்டு ஓடிய இடத்தில் நாலு, அதே வேகத்தில். பந்தய வாரத்தில் செவ்வாய்க்கிழமை 200 மீட்டர் நாலே நாலு, நடுவில் தாராளமாக நடை, அதற்கு மேல் யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.